சனிக்கிழமைக்கென்று வந்த இரண்டு ஹோஸ்கள்

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களால் யாரிடமும் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வைக்கத் தோன்றுகிறது. வேறு யாராவது இந்தத் தாள்களைக் கண்டெடுத்தால், தயவுசெய்து மடித்திருந்த மாதிரியே மடித்து, என் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் திரும்ப வைத்துவிடுங்கள். படித்திருந்தாலும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள். முக்கியமாக அம்மாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்த அறையில் காற்றாடி ஓடும் சத்தம்தான் கேட்கிறது. கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து வெளிச்சத்தை அடைத்திருக்கிறேன்.

என் விரலில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது. இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். நகத்துக்குள் போன சிவப்பும் போகவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய், அப்பா. உங்கள் சட்டைக் காலரில் எப்போதாவது இந்த வாசனை இருக்கும். அது வேலை வாசனை என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.

இன்று உங்கள் காருக்கு எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் மாற்றினோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், எட்டு மாதமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இறந்ததற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசையன்று நாம் காரைக் கழுவினோம், நினைவிருக்கிறதா? நீங்கள் கூரையைத் தேய்த்தீர்கள், நான் சக்கரங்களைத் தேய்த்தேன். "எனக்குச் சம்பளம் குடுக்கிற மொதலாளிமா இது, நல்லா தேய்" என்றீர்கள். பூசை முடிந்து அம்மா ஆரத்தி சுற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரைக் காருக்கு முன்னால் ஊற்றினார். மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது போர்ச் தரையில், காரின் மூக்குக்குக் கீழே, சிவப்பாகச் சில சொட்டுகள் இருந்தன. ஆரத்தித் தண்ணீர் காயவில்லை என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் சொட்டுகள் இருந்தன. அன்றும் ஆரத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. ஆரத்தித் தண்ணீர் அப்படி இருக்காது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா. காரிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்று தெரிந்துதான் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை செராஸில் எனக்குப் பேச்சுப் போட்டி. என்னையும் என் மூன்று தோழிகளையும் நீங்கள்தான் அழைத்துப் போவதாக இருந்தது. சொன்னால் காரை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவீர்கள். போட்டி முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை.

வியாழக்கிழமையும் கழுவினேன். வெள்ளிக்கிழமை காலையில் குனிந்து பார்த்தால் தரை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை. தானாக நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு, வாளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

அன்று மதியம்தான் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் நிலையத்தில் ஒரு பயணியை இறக்கிவிட்டு, பூக்கடைகள் இருக்கும் சாலைக்கு வந்திருக்கிறீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சாவு வீட்டில் வேறொன்றும் சொன்னார்கள். நடுச்சாலையில் கார் நின்றுவிட்டதாம், கொளுத்துகிற வெயிலில் நீங்கள் தனியாகத் தள்ளினீர்களாம், அதில்தான் நெஞ்சு அடைத்துவிட்டதாம். யார் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. கூடாரத்துக்குக் கீழே நாற்காலி நாற்காலியாக அந்தப் பேச்சு நகர்ந்து போனதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சுத்தமான தரை ஞாபகம் வந்தது. ஒழுகுவது நிற்கவில்லை. ஒழுக எதுவும் மிச்சம் இல்லை. எண்ணெய் எல்லாம் தீர்ந்துபோன காரில்தான் அன்று உங்களை அனுப்பிவைத்திருக்கிறோம் என்று புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன்.

காரியம் முடிந்த ஒரு வாரத்தில் அம்மா போர்ச்சில் நின்று காரைப் பார்த்துச் சொன்னார்: "யாராச்சும் ஒருத்தர் கீழ குனிஞ்சு பாத்திருந்தா." அன்று இரவு நான் சோற்றைத் தொடவில்லை. பரீட்சை பயம் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் காரைத் தொடவில்லை. டோ லோரி பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இழுத்து வந்து இறக்கிய இடத்திலேயே, மேலே உறை போட்டு, எட்டு மாதம் கிடந்தது. அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து இரண்டு பஸ் மாறி பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலைக்குப் போய்வந்தார். போன வாரம் பஸ் வராமல் ஒரு நாள் சம்பளம் போனதும்தான் மாமாவைக் கூப்பிட்டு, காரை ஓடவைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். தான் கூட வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். "அத தூக்கிட்டு போறத என்னால பாக்க முடியாதுடா. நீயே போயிட்டு வா. இவளையும் கூட்டிட்டு போ, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குறா."

எனக்குப் போகவே பயம். கார் பழுது பார்க்கும் போமன் பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடுமே. எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருக்காங்க, ரொம்ப நாளா ஒழுகியிருக்கு, வீட்டில் யாருமே பார்க்கலையா என்று கேட்பாரே. டோ லோரியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். மாமா கலகலப்பாக்கப் பார்த்தார். "ஒங்கப்பா இந்தக் கார்ல எழுபதுக்கு மேல போனதே இல்ல. பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிச்சா என்ன சொல்வாரு, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. "ஹாரன் அடிக்கிறவன் நம்ம வீட்டுக்கா வரப்போறான்?"

கிள்ளானில் நீங்கள் எப்போதும் போகும் அந்தக் கடைதான், அப்பா. போமன் தாஸ் அங்கிள் கடை. அவர் உங்கள் சாவுக்கு வந்திருந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டார். அம்மாவுக்கு அதில் வருத்தம். பத்து வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை பேசவில்லையே என்று.

டோ லோரியிலிருந்து காரை இறக்கியபோது அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் கிட்டே வரவில்லை. கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார், கை சுத்தமாகத்தான் இருந்தது.

"என்னண்ணே, காருக்கு நல்ல நேரம் பாக்கிறீங்களா?" என்றார் மாமா.

அவர் சிரிக்கவில்லை. எட்டு மாதத்தில் யாராவது காரைத் தொட்டீர்களா, எண்ணெய் ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டார். உறையைக்கூட எடுக்கவில்லை என்றார் மாமா. கடையிலிருந்த வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி ஸ்டார்ட் செய்தார். மூன்றாவது முறையில் உறுமியது. அந்தச் சத்தத்தை நான் எட்டு மாதம் கழித்துக் கேட்டேன், அப்பா. வீட்டுக் கேட்டுக்கு வெளியே நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது.

கார் சூடாகும்வரை காத்திருந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொன்றாக மாற்றினார். பின்பக்கம் போட்டதும் கார் மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கியது. முன்பக்கம் போட்டதும் அதே மாதிரி. அவர் கண்ணை மூடித் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு இறங்கி வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவு பார்க்கும் நீளக் கம்பியை இழுத்தார். துடைத்தார். திரும்ப உள்ளே விட்டு இழுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடியும் துடைத்து, விட்டு, இழுத்தார்.

அப்புறம் மாமாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாமா. ஒனக்குக் கண்ணு நல்லா தெரியும். எண்ணெ எங்க நிக்குது, பாரு."

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல, அங்கிள்."

"எந்தக் கோட்டுக்குக் கிட்ட?"

"மேல் கோட்டுக்கு."

"சத்தமா சொல்லு. மாமா கேக்கட்டும்."

மேல் கோட்டுக்குக் கிட்டே என்று நான் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. எண்ணெய் இருந்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையும் இருந்திருக்கிறது.

தாஸ் அங்கிள் காரில் சாய்ந்துகொண்டு, எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்தார். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. "எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல தம்பி" என்றார் மாமாவிடம்.

நீங்கள் வியாழக்கிழமை அவரிடம் போயிருந்தீர்களாம். எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கியர்பாக்ஸில் எண்ணெய் சூடாகுமாம். அது காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, திரும்பி வரவேண்டுமாம். போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ். கார் பழசு, இரண்டு ஹோஸும் இறுகிப்போய் முனையில் கசிந்திருக்கின்றன. அவர் கையில் சரியான ஹோஸ் இல்லை. அதனால் முனையை வெட்டி, புதுக் கிளாம்ப் போட்டு இறுக்கி, குறைந்த எண்ணெயை ஊற்றி, சனிக்கிழமை ஹோஸ் வந்துவிடும், காலையில் வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை செய்தி கேட்டதும் அவரும் அதையே நினைத்திருக்கிறார். பழைய ஹோஸோடு அனுப்பினேனே, அது வழியில் வெடித்து, எண்ணெய் கொட்டி, கார் நின்று, நீங்கள் தள்ளி என்று. அதனால்தான் நம் வீட்டு வாசலுக்கு வந்தும் உள்ளே வர முடியவில்லையாம்.

டார்ச் அடித்துக் காட்டினார். அவர் போட்ட கிளாம்ப் போட்டபடியே இருந்தது. சுற்றிலும் தூசி, காய்ந்த தூசி. ஈரமே இல்லை.

மாமாவும் குனிந்து பார்த்தார். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரை எடுக்கப் போனபோது டோக்காரன் எரிந்து விழுந்தானாம். கியர் P-யில் பூட்டியிருக்கிறது, ஹேண்ட்பிரேக்கும் இழுத்திருக்கிறது, சாவி இல்லாமல் எப்படி நகர்த்துவது என்று. சாவி அப்போது மருத்துவமனையில் இருந்தது.

"P-ல கெடக்கிற காரை எவன் தம்பி தள்ள முடியும்?" என்றார் தாஸ் அங்கிள். "அவரு தள்ளல. வலி வந்திருக்கு, ஓரமா ஒதுக்கியிருக்காரு. P போட்டு, பிரேக்கு இழுத்து, சாவிய எடுத்திருக்காரு. கார் ஒண்ணும் பண்ணல லா."

"ஆமாண்ணே" என்றார் மாமா. "மச்சான் எந்த அவசரத்துலயும் பிரேக்கு இழுக்காம எறங்க மாட்டாரு." சொல்லிவிட்டு, எல்லாருக்கும் குடிக்க தே ஐஸ் வாங்கி வருகிறேன் என்று வேகமாக வெளியே போய்விட்டார். அவர் கண் துடைக்கத்தான் போனார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமா போன பிறகுதான் தாஸ் அங்கிள் சுவருக்குப் போனார். ஓர் ஆணியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தூசி படிந்து, நம் கார் எண் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு கறுப்பு ஹோஸ்கள். சொன்ன மாதிரியே சனிக்கிழமை வந்திருக்கின்றன. வேறு காருக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை.

பையைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "போர்ச் கழுவுற பொண்ணு நீதானே?"

நான் ஓர் அடி பின்னால் போனேன்.

"ஒங்கப்பா சொல்லி சிரிச்சாரு. 'நாலு நாளா ரூம்பு ஜன்னல்ல நின்னு பாக்கிறேன் தாஸு, நான் வெளிய வர்றதுக்குள்ள பொண்ணு தேய்ச்சு கழுவி வாளிய ஒளிச்சு வச்சிடுது. ஞாயித்துக்கெழம செராஸ்ல போட்டி, அதான் சொல்ல பயப்படுது. நானும் தெரியாத மாதிரியே இருக்கேன், சனிக்கிழம சரி பண்ணிட்டா அவளுக்குத் தெரியவே வேண்டாம்'னாரு."

நான் அழவில்லை, அப்பா. முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு திருட்டுத்தனமாகப் பூனை மாதிரி நடந்ததை நீங்கள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அந்த வியாழக்கிழமை நீங்கள் வெளியே வந்து, ஈரத் தரையைப் பார்த்து, "ராத்திரி மழையாமா?" என்று கேட்டீர்கள். "ஆமாப்பா, லேசா" என்றேன். போர்ச்சுக்குக் கூரை இருக்கிறது! நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினீர்கள்.

பிறகு வேலை நடந்தது. அவர் காரை ஜாக்கில் ஏற்றினார். நான் கேட்டு வாங்கி டார்ச் பிடித்தேன். பழைய ஹோஸைக் கழற்றியபோது உள்ளே தங்கியிருந்த எண்ணெய் என் விரல் வழியாகத் தட்டில் ஒழுகியது. கையில் வாங்கி வளைத்துப் பார்த்தேன். ரப்பர் என்றே சொல்ல முடியாது, காய்ந்த மரவள்ளிக் குச்சி மாதிரி விறைத்து, வளைத்த இடமெல்லாம் வெடித்தது. புதியது கையில் குழைந்தது. ஒன்றைப் போட்டு, கிளாம்ப் இறுக்கி, இன்னொன்றைப் போட்டு, சிந்திய அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றி, திரும்ப ஸ்டார்ட் செய்தார். காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் தே ஐஸ் குடித்து முடிக்கும்வரை எஞ்சின் ஓடியது. அட்டையை இழுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மாமா பக்கத்துக் குடியிருப்புத் தாமானை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் அட்டை. மறுபடியும் ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வழியில் நான் ஜன்னலை இறக்கிவிட்டு, காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். மாமா என்னென்னவோ பேசினார். எனக்குப் பசித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது, அப்பா. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம்தானே சொல்கிறேன். உங்கள் காரில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் இல்லாமல், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். கார் நின்ற பிறகு மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு இது நல்லாதான் ஓடிச்சா?"

"நல்லாதான் ஓடியிருக்கு அக்கா. மச்சான் அவரேதான் ஓரமா நிறுத்தியிருக்காரு." எண்ணெய், கிளாம்ப், P, எல்லாவற்றையும் மாமா ஆசையாகச் சொன்னார். அம்மாவும் என்னைப் போலவே லேசாகிவிடுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கார்க் கதவைத் திறந்து, உங்கள் இருக்கையில், கால் வெளியே இருக்கும்படி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "காலையில வாயு புடிச்ச மாதிரி இருக்குன்னாரு. நான்தான் சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்து, போயிட்டு வாங்கன்னேன்."

மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டைச் சாத்தப் போயிருந்தார். எனக்குக் கேட்டது.

அம்மா இவ்வளவு நாள் காரின் மேலேயே பழியை வைத்திருந்தது எதற்கு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கார்தான் தப்பு செய்தது என்று இருந்தவரை, அவருடைய சுக்குத்தண்ணியின் மேல் பழி விழவில்லை. இன்று நாங்கள் போய்க் காரின் மேல் தப்பில்லை என்று ஆக்கிக்கொண்டு வந்துவிட்டோம். என்னை விட்டுப் போன பழி அம்மாவுக்கு வந்துவிட்டது.

அதனால்தான் தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன். என்னுடைய பயத்துக்கு ஒரு கம்பி இருந்தது. இழுத்து, துடைத்து, இவ்வளவு நிற்கிறது பார் என்று காட்ட முடிந்தது. அம்மாவுக்கு அப்படிக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? மாரடைப்பு வருவதற்கு முன் வாயு மாதிரிதான் இருக்கும், டாக்டரல்லாத யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம். அம்மா நம்பமாட்டார். போர்ச் கழுவியதைச் சொன்னால்? எட்டு மாதமாக நானும்தான் இப்படி இருந்தேன், கிள்ளானில் தாஸ் அங்கிளும் இப்படித்தான் இருந்தார் என்று சொன்னால்? திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது. நாலு நாள் கழுவியும் அப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்பார். கேட்கட்டும். நீங்கள் ஜன்னலில் நின்றதையும் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தீர்கள், அப்பா. நானும் பேசாமல் இருந்தேன், அம்மாவும் பேசாமல் இருக்கிறார். உங்களிடமிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் இது ஒட்டிக்கொண்டதா, இல்லை எங்களிடமிருந்து உங்களுக்கா, தெரியவில்லை. நீங்கள் பேசாமல் இருந்தது அன்பினால். அதை நான் கடைசிவரை வைத்துக்கொள்வேன். மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே

கதவு தட்டுகிற சத்தம். அம்மாதான். "இன்னும் தூங்கலியாமா" என்கிறார், குரல் அழுத மாதிரி இருக்கிறது. எழுந்து போகிறேன், அப்பா, இப்பவே சொல்லி